மனையாகும் புஞ்சை: மயிலம் வட்டாரத்தில் வெளியூர்ப் பணம்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்தைக் கடந்தபின் வரும் கூட்டேரிப்பட்டிலிருந்து கிழக்கே புதுச்சேரிக்குப் பிரியும் சாலையில் அமைந்துள்ள மயிலம், குன்றின்மேல் வீற்றிருக்கும் முருகன் கோயிலாலும், அக்கோயிலை வழிவழியாக நிர்வகித்துவரும் பொம்மபுர ஆதீனத்தாலும், அவ்வாதீனம் 1938-இல் நிறுவிய தமிழ்க் கல்லூரியாலும் நெடுங்காலமாக அறியப்பட்ட ஊராகும். முகூர்த்த நாள்களில் சுற்று வட்டாரத்துத் திருமணங்கள் பலவும் இக்கோயிலில் நடைபெறுவதால், மலையடிவாரத்துச் சாலையில் மண்டபங்களும் சிற்றுண்டிக் கடைகளும் பெருகியிருப்பதில் வியப்பில்லை. இவ்வூரையும் இதைச் சூழ்ந்த சிற்றூர்களையும் வெளியூரார் நாடி வருவதற்குக் கடந்த சில பத்தாண்டுகளில் புதிதாகச் சேர்ந்துள்ள காரணம் நிலமாகும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவிலுள்ள திண்டிவனம், நான்குவழிச் சாலை, ரயில் பாதை, புதுச்சேரியின் அண்மை, சிப்காட் தொழிற்பூங்கா ஆகியவற்றால் நகரத்துச் சேமிப்பை ஈர்க்கும் இடமாகிவிட்டது. அந்த ஈர்ப்பின் விளைவுகள் நகராட்சி எல்லைக்குள் தெரிவதைவிட மயிலம் ஒன்றியத்துப் புஞ்சைக் காடுகளில்தான் தெளிவாகத் தெரிகின்றன.

வெளியூராரின் பணம் சிற்றூர் நிலத்தைத் தேடி வருவது உலகெங்கும் காணப்படும் போக்கு. இந்தோனேசியாவின் பாலி, லொம்போக் போன்ற தீவுகளின் கிராமங்களில் ஐரோப்பியரும் ஆஸ்திரேலியரும் வயலோரத்திலும் கடலோரத்திலும் வீடு கட்டிக்கொள்ள முனைந்தபோது, அந்நாட்டின் 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டம் ‘ஹக் மிலிக்’ எனப்படும் முழு உடைமையைக் குடிமக்களுக்கு மட்டுமே உரியதாக்கி, அயல்நாட்டாருக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான பயன்பாட்டு உரிமையை மட்டும் விட்டுவைத்தது. இத்தடையைச் சுற்றிச் செல்வதற்காக உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரில் நிலத்தை வாங்கி வைப்பதும், பின்னர் அந்த உள்ளூர்க்காரரோ அவருடைய வாரிசுகளோ நிலம் தமக்கே உரியது என்று நிற்பதும் அங்கு அடிக்கடி நிகழ்வன. அத்தகைய கைமாற்றம் செல்லாது என்றும், நிலம் அரசைச் சேரும் என்றும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க இயலாது என்றும் அச்சட்டமே கூறுகிறது. இலங்கையும் 2014-இல் இயற்றிய சட்டத்தின்வழி அயல்நாட்டாருக்கு நிலம் விற்பதைப் பெருமளவு தடுத்தது.

இந்தியச் சட்டம் இவ்விரண்டிலிருந்தும் சற்று மாறுபட்டது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகளின்படி, வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்களும், வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்போரும் இந்தியாவில் மனையோ வீடோ வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் விலைக்கு வாங்கக் கூடாது. மரபுரிமையாக வரும் விவசாய நிலத்தை வைத்துக்கொள்ளத் தடையில்லை. விற்கும்போது இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும். புதுச்சேரிக்கு அருகில் உள்ள வட்டாரம் என்பதால் இவ்விதி இங்கே வெறும் ஏட்டுச் செய்தியன்று. பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓய்வூதியமும் பெற்ற குடும்பங்களுக்கு விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் உறவும் பூர்வீக நிலமும் உண்டு. அத்தகையோர் தம்பி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ ஏக்கர் கணக்கில் புஞ்சை வாங்கி வைத்தால், பணம் கொடுத்தவர் ஒருவர், பத்திரத்தில் பெயர் உள்ளவர் வேறொருவர் என்னும் பினாமிச் சிக்கல் எழுகிறது. 1988-இல் இயற்றப்பட்டு 2016-இல் கடுமையாக்கப்பட்ட பினாமிச் சட்டம் இத்தகைய சொத்தைப் பறிமுதல் செய்யவும் இடமளிக்கிறது. பாலித் தீவில் வெள்ளைக்காரர் மாட்டிக்கொள்ளும் அதே பொறியை உறவின் பெயரால் இங்கேயும் விரித்து வைத்திருக்கிறோம் என்றே கூற வேண்டும்.

அயல்நாட்டார் இவ்வட்டாரத்தில் நிலைகொண்டு வாழ்வதற்கு ஆரோவில் அண்மையான சான்று. 1968 பிப்ரவரி 28 அன்று அடுத்துள்ள வானூர்ப் பகுதியின் செம்மண் மேட்டில் தொடங்கப்பட்ட அக்குடியிருப்பில் பல நாட்டவர் வாழ்ந்தாலும், அவர்களுள் எவருக்கும் அங்கே தனியுடைமையாக நிலமோ வீடோ இல்லை. 1988-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆரோவில் அறக்கட்டளையே உடைமையாளர். முதலீடு என்னும் எண்ணத்துக்கு நேரெதிரான ஏற்பாடு இது. ஆயினும் அக்குடியிருப்பின் புகழே அதனைச் சூழ்ந்த தனியார் நிலங்களின் விலையை ஏற்றியது என்பதும், திட்டமிட்ட பரப்புக்குள் எஞ்சிய நிலங்களை வாங்குவது அவ்வறக்கட்டளைக்கே கடினமாகிவிட்டது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

உள்நாட்டு வெளியூராருக்கோ தமிழ்நாட்டில் தடை ஏதும் இல்லை. கர்நாடகத்தில் 2020 வரை, உழவுத் தொழிலில் இல்லாதவர் விவசாய நிலம் வாங்குவதற்குக் கட்டுப்பாடு இருந்தது. தமிழ்நாட்டிலோ சென்னையில் மாதச் சம்பளம் பெறும் ஒருவர், கலப்பையைக் கண்ணால் கண்டிராதவராயினும், உச்சவரம்புக்கு உட்பட்டு நிலம் வாங்கலாம். வருமான வரிச் சட்டமும் இதற்குத் துணைநிற்கிறது. 10,000-க்கு மேல் 1 லட்சத்துக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட நகராட்சியின் எல்லையிலிருந்து 2 கி.மீ.க்கு அப்பால் உள்ள விவசாய நிலம், அச்சட்டத்தின் பார்வையில் மூலதனச் சொத்து ஆகாது. எனவே அதை விற்று வரும் ஆதாயத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. திண்டிவனம் இந்த வகை நகராட்சியே என்பதால் மயிலத்தைச் சூழ்ந்த புஞ்சைகளில் பெரும்பகுதி இச்சலுகைக்குள் வருகிறது. பிரித்து மனையாக்கிய பின் இச்சலுகை போய்விடும் என்பதை விற்பனை முகவர்கள் எடுத்துரைப்பதில்லை.

இங்கு விலைபேசப்படும் நிலம் எத்தகையது என்பதை அறிய அதன் நீரை முதலில் அறிய வேண்டும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத இவ்வட்டாரத்தில் வேளாண்மை ஏரியையும் கிணற்றையும் நம்பியது. வராகநதி என்றும் சங்கராபரணி என்றும் வழங்கும் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட வீடூர் அணை பாசனம் தரும் 3,200 ஏக்கரில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டிலும் 1,000 ஏக்கர் புதுச்சேரியிலும் உள்ளன. மற்ற இடங்களில் மழையை நம்பி, மணிலா என்று வழங்கும் நிலக்கடலையும் உளுந்தும், கிணறு உள்ள இடங்களில் நெல்லும் கரும்பும், கோடையில் தர்ப்பூசணியும் விளைகின்றன. ‘டி.எம்.வி.’ என்னும் முன்னெழுத்துகளோடு வெளிவந்த மணிலா, எள் ரகங்கள் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் கொடை என்பதால், ஊரின் பெயரைத் தாங்கிய விதை நாடெங்கும் விதைக்கப்பட்டிருக்கிறது.

நிலத்தை அளக்கும் முறையே வெளியூராரைத் தடுமாறச் செய்யும். ஊரார் வாய்மொழியில் நிலம் ‘காணி’ கணக்கில் பேசப்படுகிறது; ஒரு காணி என்பது நூறு குழி, அதாவது 132 சென்ட் அல்லது 1.32 ஏக்கர். பத்திரம் ஏக்கரிலும் சென்ட்டிலும் எழுதப்படுகிறது. வருவாய்த் துறை வழங்கும் பட்டாவில் அதே நிலம் ஹெக்டேரிலும் ஏர்ஸிலும் பதிவாகியிருப்பதால் ஒரு காணி ஏறத்தாழ 53 ஏர்ஸாக மாறிவிடுகிறது. மனையாகப் பிரித்தபின் அதுவே 57,500 சதுர அடியாக, 24 கிரவுண்டாக விளம்பரப் பலகையில் ஏறுகிறது. காணி, சென்ட், ஏர்ஸ், சதுர அடி என நான்கு கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதற்குள் பலருக்கு முன்பணம் கைமாறிவிடுகிறது.

பழைய கிரயப் பத்திரம் ஒன்றின் சொத்து விவரத்தைக் கூர்ந்து படித்தால் நிலத்தோடு இன்னும் என்னென்ன பிணைந்துள்ளன என்பது விளங்கும். நான்கெல்லைகளைச் சொல்லி முடித்தபின், கிணற்றில் நாலில் ஒரு பாகமும், அதில் பொருத்திய 5 எச்.பி. மின்மோட்டாரிலும் மின் இணைப்பிலும் அதே பாகமும், வாய்க்கால் பாத்தியமும், ஆள் நடை, மாட்டு நடை, வண்டிப்பாதைப் பாத்தியமும் அதில் எழுதப்பட்டிருக்கும். பாத்தியம் என்பது மற்றவர் நிலத்தின் வழியே நடக்கவோ நீர் கொண்டுசெல்லவோ உள்ள உரிமை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்ட காலத்தில் நிலத்தைத் துண்டாக்க முடிந்ததேயன்றிக் கிணற்றைத் துண்டாக்க முடியாததால், முறை வைத்து நீர் இறைக்கும் வழக்கம் வந்தது. நாலு பங்காளிகளுள் ஒருவர் தம் பாகத்தை வெளியூரார்க்கு விற்று, வாங்கியவர் கருங்கல் கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டால், மற்ற மூவரின் வண்டிப்பாதையும் வாய்க்காலும் கம்பிக்கு உள்ளே போய்விடும். அதன்பின் சிவில் வழக்குத்தான். விவசாயத்துக்கான இலவச மின்சாரம் பெறும் இணைப்பும் பயிரைச் சார்ந்ததே; அதை மனைப்பிரிவுக்கோ விடுதிக்கோ பயன்படுத்த முடியாது.

மனைப்பிரிவு ஒன்று உருவாகும் விதம் இவ்வட்டாரத்தார் அனைவரும் கண்டது. மணிலா விளைந்த காட்டை ஜே.சி.பி. சமன் செய்கிறது, வெள்ளையடித்த எல்லைக்கற்கள் வரிசையாக முளைக்கின்றன, நடுவே மெல்லிய தார்ப்பூச்சு, முகப்பில் ஒரு வளைவு, இருபுறமும் வண்ணக் கொடிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து வேனில் அழைத்து வரப்படும் குடும்பங்கள் மலைமேல் முருகனைத் தரிசித்துவிட்டு, பந்தலின் கீழ் மதிய உணவை முடித்துக்கொண்டு, வரைபடத்தில் ஒரு எண்ணைச் சுற்றி வட்டமிட்டுத் திரும்புகின்றன. ஏக்கர் கணக்கில் வாங்கிய நிலத்தில் சாலைக்கும் பொது இடத்துக்கும் போகப் பாதிக்குச் சற்று மேற்பட்ட பரப்பே மனையாக விற்கக் கிடைக்கும் என்பதால், ஏக்கர் விலைக்கும் சதுர அடி விலைக்கும் இடையிலான வேறுபாடு அனைத்தும் கொள்ளை இலாபம் என்று கருதுவதும் சரியன்று. ஆயினும் அவ்வேறுபாட்டில் நிலத்தை விற்ற உழவருக்குப் பங்கு ஏதும் இல்லை.

இத்தகைய மனைகள் நெடுங்காலம் ஊராட்சித் தலைவரின் கையொப்பத்தை மட்டும் நம்பி விற்கப்பட்டன. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று வழங்கிய அக்கையொப்பத்துக்கு, நகர் ஊரமைப்பு இயக்ககமாகிய டி.டி.சி.பி.யின் ஒப்புதல் இல்லாதபோது, சட்ட வலிமை கிடையாது. சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோதுதான், சேமிப்பைக் கொட்டி மனை வாங்கிய பல்லாயிரம் குடும்பங்களுக்குத் தம் கையிலிருந்தது என்ன என்பது புரிந்தது. அரசு 2017 மே மாதம் வெளியிட்ட வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி செய்தன. அதே ஆண்டில், முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளில் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கும் தனி விதிகள் வந்தன. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற வேண்டும் என்னும் கட்டாயமும் இக்காலத்ததே. இவை யாவும் மனை வாங்குவோரைக் காக்கும் சட்டங்கள்; மனையாக மாறும் ஊரைக் காக்கும் சட்டங்கள் என்று இவற்றைக் கூற இயலாது.

ஒப்புதல் பெறும் தொல்லையைத் தவிர்க்க விரும்பும் நிறுவனங்கள் ‘பண்ணை நிலம்’ என்னும் பெயரில் 25 சென்ட், 50 சென்ட் என்று கூறுபோட்டு, மாங்கன்று நட்டு, பராமரிப்பும் தாமே செய்வதாகக் கூறி விற்கின்றன. 1990-களில் தேக்குக் கன்று ஒன்றுக்கு இவ்வளவு பணம் கட்டினால் இருபது ஆண்டுகளில் இலட்சங்கள் கிடைக்கும் என்று விளம்பரம் செய்த தோட்ட நிறுவனங்கள் பல நொடித்துப் போனதும், அதன் விளைவாகக் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்குப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமாகிய ‘செபி’ 1999-இல் விதிகள் வகுத்ததும் நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு நினைவிருக்கும். மரத்தைக் காட்டி நிலத்தை விற்பதும் நிலத்தைக் காட்டி மரத்தை விற்பதும் ஒரே வணிகத்தின் இரு பக்கங்களே.

வெளியூரார் வாங்கிய பெரிய நிலங்களில் மிகுதியாகக் காணப்படும் பயிர் சவுக்கு. மணற்பாங்கான மண்ணில் நன்கு வளர்ந்து மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டுக்கு வரும் இம்மரத்துக்குக் காகித ஆலைகளிலும் கட்டடச் சாரத்துக்கும் தேவை உண்டு. முதலாண்டில் நீர் ஊற்றிக் காத்துவிட்டால் பின்னர் உடையவர் எட்டிப் பார்க்காவிட்டாலும் அது வளரும் என்பதே நகரத்து முதலீட்டாளரை ஈர்க்கும் பண்பு. ஊர்ப் பொருளாதாரத்தின் கோணத்திலோ இதுவே அதன் குறை. மணிலாக் காட்டில் விதைப்பு, களையெடுப்பு, பிடுங்குதல், காய் ஆய்தல் என்று ஒவ்வொரு பருவத்திலும் பெண்களுக்குக் கூலி வேலை இருந்தது. சவுக்குத் தோப்பில் நடவுக்கும் வெட்டுக்கும் இடையே வேலை ஏறக்குறைய இல்லை. வெட்டுக்கோ வியாபாரியே ஆள்களைக் கூட்டி வருகிறார். அறுவடைக்குப் பின் தரிசாகக் கிடந்த காட்டில் ஆடு மாடு மேய்த்தோருக்கு முள்வேலி அந்த வழியையும் அடைத்துவிட்டது. நூறு நாள் வேலைத் திட்டத்தால் பண்ணைக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற குற்றச்சாட்டை ஊர்தோறும் கேட்கலாம். ஆளுக்கு வேலை தராத பயிர் பெருகியதையும் அதே மூச்சில் சொல்வோர் குறைவு.

இந்த மாற்றத்தில் மிகுதியாக இழப்பவர் நிலத்தை விற்றவர் அல்லர். வாய்மொழிக் குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிட்டவரே. சாகுபடிக் குத்தகைதாரரைக் காக்க 1955-இல் சட்டமும், அவர்களின் பெயரைப் பதிவு செய்ய 1969-இல் மற்றொரு சட்டமும் தமிழ்நாட்டில் இயற்றப்பட்டுள்ளன. எழுத்தில் வராத குத்தகைக்கு நடைமுறையில் அவை எட்டுவது அரிது. சார்பதிவாளர் அலுவலகம் தரும் வில்லங்கச் சான்று, பதிவான கிரயத்தையும் அடமானத்தையும் காட்டுமேயன்றி, பத்து ஆண்டுகளாக யார் உழுகிறார் என்பதைக் காட்டாது. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில்தான், அதாவது பயிர்க் கணக்கில்தான், அதற்கான குறிப்பு இருக்கக் கூடும். அங்கும் பெரும்பாலும் உடையவர் பெயரே எழுதப்பட்டிருக்கும்.

பட்டாவைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. பட்டா வரி செலுத்தும் பொறுப்பைக் காட்டும் வருவாய் ஆவணம். அதுவே உடைமையை உண்டாக்காது என்று நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் கூறியுள்ளன. 1979-க்கும் 1987-க்கும் இடையே நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் கூட்டுப் பட்டாவிலிருந்து பங்காளிகளின் பெயர் விடுபட்டதும் பரப்பு மாறியதும் இன்றும் தீராத வழக்குகளாக உள்ளன. ஆகவே மூலப்பத்திரம் தொடங்கி உரிமை ஒவ்வொரு கைக்கும் எவ்வாறு வந்தது என்று பார்ப்பதே முறை.

எந்தப் பத்திரத்தாலும் சரியாக வாங்க முடியாத நிலங்களும் உண்டு. செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது; பின்னரும் அவ்வகுப்பினருக்கே விற்கலாம். இந்நிபந்தனையை மீறிப் பலமுறை கைமாறிய நிலம், கடைசியாக வாங்கியவர் எவ்வளவு பணம் கொடுத்திருந்தாலும் நிபந்தனைக்கு உட்பட்டதே. கோயில், மடங்களுக்கு உரிய நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் ஒப்புதலின்றி விற்றால் செல்லாது. கோயிலாலும் ஆதீனத்தாலும் வளர்ந்த ஓர் ஊரில் இதை முதலில் கேட்டறிவது நல்லது. ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மந்தைவெளி ஆகிய புறம்போக்குகளுக்கு எந்தக் காலத்திலும் தனியாருக்கு உரிமை கிடையாது. நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டையும் நில அளவைப் புலப்படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இவை புலனாகும்.

ஓடையைப் பற்றி அதிகாரிகள் எழுதி வைத்ததை 2024-இல் மழையே உறுதிப்படுத்தியது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது, மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை பதிவாகி, இச்சிற்றூரின் பெயர் நாடெங்கும் செய்தியானது. அத்தகைய மழையில் நீர் தன் பழைய தடத்தையே நாடும். தார்ப்பூச்சும் எல்லைக்கல்லும் அதற்குப் பொருட்டல்ல. எனவே நிலம் பார்க்கச் செல்வோர் கோடையில் செல்லாமல் ஐப்பசி, கார்த்திகையில் செல்வது எந்த வழக்கறிஞரின் கருத்துரைக்கும் குறையாத பயனைத் தரும்.

செலவைக் கணக்கிட்டால், கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, 2023-இல் 4-இலிருந்து குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என 9 விழுக்காடு அரசுக்குச் செல்கிறது. 10 இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைகிறது. தரகு, வேலி, காவல் ஆகியவை தனி. வாங்கிய விலையைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலை ஏறினால்தான் முதல் கைக்கு வரும். வாடகை தராத, பயிர் விளையாத மனையில் போட்ட பணம் அடுத்து வாங்க ஒருவர் வரும்வரை முடங்கிக் கிடக்கும்; விற்பனைப் பந்தலில் வரிசையில் நின்ற கூட்டம் மறுவிற்பனைக்கு வருவதில்லை.

ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவின் சாலைகளும் பூங்காவுக்கான இடமும் தானப் பத்திரத்தின்வழி ஊராட்சிக்கு ஒப்படைக்கப்படுகின்றன. சாலையைச் செப்பனிடுவதும், தெருவிளக்குக்கு மின்கட்டணம் செலுத்துவதும், குடிநீர்க் குழாய் இழுப்பதும் அன்றுமுதல் ஊராட்சியின் பொறுப்பு. வீடு கட்டிக் குடியேறினால் வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் ஊராட்சிக்கு வரும். காலி மனைகளால் அத்தகைய வருவாய் இல்லை. நூறு மனைகளுள் நான்கு வீடுகள் எழும்பிய இடத்திலும் நூறு மனைகளுக்கான சாலை இருக்கிறது. அதன் ஓரங்களில் சீமைக்கருவேலம் மண்டுகிறது. அதை வெட்டிச் சீர்செய்யும் செலவு, மனை வாங்கியவர் யாரென்றே அறியாத ஊரார் செலுத்தும் வரியிலிருந்து எடுக்கப்படுகிறது.